முன்னாடி புதுசு, பின்னாடி பழசு

என் கணவருக்கு நாமக்கல்லில் மூன்று லாரிகள். எங்கள் காரின் நான்கு டயர்களும் மொட்டையான பிறகும், கார் டயர் கடைப் பக்கம் போக அவருக்கு மனம் வரவில்லை. தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தரும் ரீட்ரேடிங் பட்டறைக்குத்தான் காரை விட்டார். பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

"காருக்கெல்லாம் அது ஆகாதுங்கண்ணா. கடைக்குப் போயிப் புதுசா மாட்டுங்க."

உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், பேரம் பேச முடியாது. அதனால் சேலம் போனோம். கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருந்த கடைக்குள், லாரி டயரைத் தட்டிக் காற்றுப் பார்க்கும் இரும்புக் கம்பியோடு நுழைந்தார். காற்றே இல்லாத புது டயர்களைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். விற்பனைப் பெண் மிரண்டுபோனாள்.

"ரெண்டு போதுமுங்க. முன்னாடி புதுசு, பின்னாடி பழசு. லாரிக்கு அப்படித்தானுங்க" என்றார் அவளிடம்.

"ஏனுங்க, பின்னாடி உங்கம்மாதானே உக்காருவாங்க?" என்றேன் நான்.

கம்பி நின்றது.

"நாலும் மாத்திருங்க" என்றார்.

பின்னால் நானும்தான் உட்காருவேன். என்னைச் சொல்லியிருந்தால் இரண்டோடு முடிந்திருக்கும்.