ஜப்பானுக்கு அனுப்பிய ஒரே ஒரு படம்

ஜப்பானிலிருந்து கடைசியாகப் பதில் வந்து ஒன்பது நாளாகியிருந்தது. அதற்குள் நான் நூற்று நாற்பது படங்கள் அனுப்பிவிட்டேன்.

ஆரணியில் பட்டுக்கடை கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் சேலை விரித்தவன் நான். கடை ஆன்லைனுக்குப் போனபோது கையில் ஒரு கேமராவைக் கொடுத்து என்னை மாடிக்கு அனுப்பினார்கள். பிறகு ஜப்பானில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் பட்டு கேட்டு விசாரித்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கும் பெரிதாகக் கொட்டிக் கிடக்கவில்லை. ஐம்பது வயதில் போனைப் பார்த்து ஜப்பான் மொழி கற்க ஆரம்பித்தேன்.

சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஆனால் பேக்கிங் செக்‌ஷன் மலர், போளூரிலிருந்து பஸ்ஸில் வருபவர், அட்டைப்பெட்டிக்கு ஒரு ஜப்பான் எழுத்தாக என்னை மார்க்கரில் எழுத வைத்தார். பெட்டியை ஒட்டும்போதெல்லாம் அது என்ன எழுத்தென்று கேட்பார். விடை பெட்டியின் அடியில் தமிழில் இருக்கும். தப்பாகச் சொன்னால் எல்லோருக்கும் நான் டீ வாங்க வேண்டும். ஒரே மாதத்தில் அந்த செக்‌ஷனே சிவப்பையும் பச்சையையும் “அகா ரெண்டு, மிதோரி ஒண்ணு” என்று எண்ணியது.

முதலாளிக்குத்தான் பொறுமை இல்லை. “இன்னாய்யா, அந்தாளு வாயே தொறக்க மாட்றாரு? இந்த மாசம் ஆர்டர் வரலன்னா ஜப்பானை மூட்டை கட்டிட்டு கீழ கவுன்டருக்கு வந்துடு.”

கவுன்டருக்குத் திரும்புவதில் அவமானம் இல்லை. ஆனால் கேமராவையும் அந்த எழுத்துகளையும் விட மனசு வரவில்லை.

கவுன்டரில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் அடுத்த சேலையைப் பிரித்துப் போடு, பேசும்வரை போட்டுக்கொண்டே இரு. ஜப்பான்காரரிடமும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பத்தாம் நாள், மொழிபெயர்க்கும் ஆப்பை விட்டுவிட்டு, தப்பும் தவறுமாக ஜப்பான் மொழியில் நானே எழுதினேன். நாங்கள் என்ன தவறு செய்தோம்?

அன்றே பதில் வந்தது. “தவறு இல்லை. ஒரு படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. உங்களுக்கு எது பிடிக்கும்?”

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சேல்ஸ்மேனுக்கு எல்லாமே பிடித்தாக வேண்டும். கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது டபுள் ஷேட் பட்டு. நெடுக்கே ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை, ஜரிகை கிடையாது. ஃபிளாஷ் அடித்தால் நிறம் செத்துவிடும். லைட்டையெல்லாம் அணைத்தேன். ஜன்னலோரம் மலர் துணியைப் பிடித்து மெல்லத் திருப்பினார். மடிப்புக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் பச்சை. படத்தின் ஓரத்தில் அவர் விரல்களும் விழுந்தன. வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கல்யாணப் பட்டு ஒன்றையும் சேர்த்து அனுப்பலாமென்று கை பரபரத்தது.

“குடுங்கண்ணே அத. சும்மா இருக்கறதுக்கு இன்னா கஷ்டம் உங்களுக்கு?” மலர் என் போனைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

மூன்றாம் நாள் மதியம் பதில் வந்தது. பேக்கிங்கில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, திக்கித் திணறி நானே வாசித்தேன். “வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் துணியில் இருபது மீட்டர் அனுப்புங்கள்.”

சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்தார். “சபாஷ்! ஜல்தியா இன்னும் பத்து போட்டோ தட்டி விடு.”

“வேணாம் மொதலாளி. அவரு கேக்கட்டும்.”

அவர் பேசாமல் என்னையே பார்த்தார். எனக்கு நாக்கு துடித்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

“சரிய்யா, ஒன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன்: உனக்குப் பிடித்ததைக் காட்டு. காட்டியபின் கையைக் கட்டிக்கொண்டு நில்.