நான் சொல்லாமல் விட்ட வசனம்

நான் ஒரு வசனத்தை விழுங்கினேன். மறந்துபோய் அல்ல, தெரிந்தே விழுங்கினேன். அதனால் என் அண்ணையோடு வாழ்ந்த யசோ மச்சாள், தனக்குரியதைக் கேட்கும் வழியை இழந்தார்.

கேட்டபின் நீங்கள் என்னை வெறுக்கலாம். மறுக்கும் தெம்பு எனக்கில்லை... களைத்துவிட்டேன்.

கியூபெக் மாகாணத்தில், மொன்றியலில் ஒரு சட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. அண்ணையும் மச்சாளும் அப்போது ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவில் இருந்தார்கள். மண்டபத்தில் தாலி கட்டிய கல்யாணம். ஐயர் மந்திரம் சொன்னார், சொந்தமெல்லாம் சாப்பிட்டது, பதிவு மட்டும் நடக்கவில்லை. "அதைப் பேந்து பார்ப்பம்" என்று அண்ணை சொல்லியே ஆண்டுகள் போயின.

ஒருநாள் அண்ணை தொலைபேசியில் கேட்டார்: "தங்கச்சி, இவளோட இனி ஏலாது. பிரிஞ்சா நான் இவளுக்குச் செலவுக்குக் குடுக்கோணுமோ?"

"அங்கையெண்டா அவ கேட்கலாம் அண்ணை. இஞ்சை பதியாத ஆக்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

சட்டம் தெரிந்த பெருமையில் சொன்னேனா? பாசத்திலா? இன்றும் எனக்கு விளங்கவில்லை. பதிந்தவர்களின் விவாகரத்துக்குக் கனடா முழுக்க ஒரே சட்டம். பதியாமல் வாழ்ந்தவர்கள் பிரிந்தாலோ, ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு நியாயம் சொல்கிறது...

அண்ணை மொன்றியலின் சென்ட் லோரன்டில் வேலை எடுத்து வந்தார். நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில் தன் பெயரில் வீடு வாங்கினார். மச்சாள் தன் வேலையை விட்டுவிட்டு மகிழ்ச்சியோடு பின்னால் வந்தார். "நீர் பக்கத்தில இருக்கிறீர், எனக்கென்ன பயம்?" என்றார். இரண்டு குளிர்காலம் கழிந்ததும் அண்ணை அவரை வெளியேறச் சொன்னார்.

பிரெஞ்சு தெரியாத, ஆங்கிலமும் அரைகுறையான மச்சாள் வழக்கறிஞரிடம் போக என்னைத்தான் துணைக்கு அழைத்தார். வேறு யாரை அழைப்பார்!

அந்த வழக்கறிஞர் அம்மையார் பிரெஞ்சில் பொறுமையாகவே விளக்கினார்: கியூபெக்கில் தாலி மட்டும் போதாது, வீடும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆனால் இவர் ஒன்ராறியோவில் நெடுங்காலம் அவரோடு வாழ்ந்திருக்கிறார். அங்குள்ள ஒரு வழக்கறிஞரை உடனே கேட்கச் சொல்லுங்கள். தாமதித்தால் கடினம்."

முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. அங்கே வழக்கென்று போனால், இங்கே வந்தால் கொடுக்கத் தேவையில்லை என்று அண்ணைக்குச் சொன்னது யார் என்ற கேள்வி எழும்... என் பெயர் வெளியே வரும்!

படியிறங்கும்போது மச்சாள் கேட்டார்: "அவ கடைசியா நீளமாக் கதைச்சாவே. நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

"ஒண்டும் செய்யேலாதாம் மச்சாள். அதைத்தான் திருப்பிச் சொன்னவ."

நம்பினார். எவ்வளவு எளிதாக நம்பினார்!

அண்ணை மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். இம்முறை முறையாகப் பதிந்து. மச்சாள் மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். கோயிலில் யாரைக் கண்டாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ இல்லாட்டி நான் இல்லை" என்கிறார். கையை உருவிக்கொள்ளவும் எனக்குத் துணிவில்லை.

சென்ற ஞாயிறு அழைத்தார். "என்னோட வேலை செய்யிற பிள்ளைக்கும் இதே பிரச்சினை. அவளும் ரொறன்ரோவில இருந்து வந்தவள்தான், தாலி மட்டும்தான். லோயரிட்டை நீர் வந்து கதைச்சுக் குடும். நானும் வாறன்."

ஓம் என்றேன்.

அதே வசனம் மறுபடி வரும். சொன்னால், பக்கத்தில் இருக்கும் மச்சாளுக்கு எல்லாம் விளங்கிவிடும். சொல்லாவிட்டால்... இன்னொருத்தி!

வியாழக்கிழமை போகிறோம். என் வாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.