மெம்பருக்கு விரித்த மஞ்சள் லேஞ்சி

அலுமாரியை ஒதுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு அரை நாளைக் கெடுப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. போன கிழமையும் அப்படித்தான். ‘மாமி, வேண்டாததையெல்லாம் இதுக்குள்ள போடுங்கோ’ என்று மருமகள் ஒரு சாக்கைத் தந்துவிட்டுப் போனாள். சாக்கு வெறுமையாகவே கிடந்தது. நான் கீழ்த்தட்டில் அகப்பட்ட ஒரு துணித்துண்டை மூக்கில் வைத்தபடி கட்டில் விளிம்பில் இருந்தேன். பூச்சி உருண்டை வாசனைதான். ஆனால் அதற்குள்ளிருந்து நிலக்கரிப் புகையும் உப்புக்காற்றும் வந்தன என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லத்தான் போகிறேன்.

அது ஒரு லேஞ்சி. கைக்குட்டை என்று நீங்கள் எழுதுவீர்கள், எங்களுக்கு வாயில் வருவது லேஞ்சிதான். மஞ்சள் லேஞ்சி. மஞ்சள் என்பது என் வாய்ச்சொல். இப்போது பார்க்கிறவர்கள் தேத்தண்ணி ஊற்றுண்டதோ என்று கேட்பார்கள். ஓரம் மடித்துத் தைத்தது நான். தையல் ஓடியிருக்கும் கோணலைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தை ஸ்டேஷனில் மேடைக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம் மட்டும்தான். மழைக்காலத்தில் அலை எழும்பி அடித்தால் சேலைக்கரை நனையும். அந்த ஈரத்தோடு ரயிலேறி, எஞ்சின் கக்கும் கரியை முகத்தில் வாங்கி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, கிராண்ட்பாஸ் போகும் டிராமைப் பிடித்து, மிச்சத்தை நடந்து, கொட்டாஞ்சேனைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருவேன். மாதா கோவில் மணியும் பிள்ளையார் கோவில் மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் தெரு அது. ‘ரீச்சர் கண்ணுக்கு மை பூசினவவோ?’ என்று பிள்ளைகள் தங்களுக்குள் கேட்பார்கள். ரயில்காரன் பூசிவிட்ட மை என்று நான் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பூகோளம் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் தவிர வேறெதையும் காணாதவள், நைல் நதியைக் கரும்பலகையில் கீறும்போது மட்டும் எனக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டும்.

காலை ரயில் எங்களிடம் வரும்போதே முந்தின ஸ்டேஷனான தெஹிவளை ஆட்களால் நிறைந்திருக்கும். முந்தி ஏறுகிறவர் பிந்தி ஏறப்போகும் சிநேகிதருக்குப் பலகையில் ஒரு லேஞ்சியை விரித்து இடம் பிடிப்பார். விரித்த லேஞ்சியின் மேல் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இது எங்கும் எழுதியிருக்கவில்லை. வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டங்களை மீறினவர்கள்கூட இதை மீறி நான் காணவில்லை. எனக்கு இடம் பிடிப்பவள் பிரேமாவதி. தெஹிவளையில் ஏறுவாள், கோட்டையில் ஒரு மருந்துக் கொம்பனியில் டைப் அடிப்பாள். சிங்களத்தி. தமிழையும் டைப் அடிப்பது போலத்தான் பேசுவாள், டக் டக் என்று. என்னை நங்கி என்பாள், தங்கச்சி என்று அர்த்தம்.

நானும் அண்ணனும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அவன் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அம்மா அப்பா ஊரில். பொம்பிளைப் பிள்ளை உழைத்தது போதும் என்று மாதம் தவறாமல் கடிதம் வரும். அண்ணன்தான் அதைச் சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிவைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் மாதச் சீசன் டிக்கட்டின் விலை கூடப்போகிறது என்று கதை அடிபட்டது.

“ஒரு சீசன் எண்டால் சமாளிக்கலாம். ரெண்டு ஏலாது,” என்றான் அண்ணன். “உன்ட சம்பளத்தில பாதியை ரயில்காரன் எடுக்கிறான், மிச்சத்தை டிராம்காரன் எடுக்கிறான். நீ ஆருக்குப் படிப்பிக்கிறாய்?”

விலை கூடினால் நான் யாழ்ப்பாண மெயிலில் ஏற்றப்படுவேன், அங்கே போய்க் கோலம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்குக் காத்திருப்பேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நைல் நதி அத்தோடு வற்றிவிடும்.

தேர்தல் வந்தது பிள்ளையார் அனுப்பின மாதிரி. நகரசபைக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து நின்றவர் நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் புறக்டர் ஒருவர். போட்டிருக்கும் கோட்டில் எப்போதும் ஒரு ரோஜாப்பூ. முதல் வகுப்பு சீசன். அவரும் எங்கள் ரயிலில்தான் போவார், ஆனால் அதே ரயிலில் போனார் என்று சொல்ல முடியாது. அவர் பெட்டிக்கும் எங்கள் பெட்டிக்கும் நடுவில் ஒரு தேசம் இருந்தது. அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறம், வாக்குப் பெட்டிக்கும் அதே நிறம். இவருக்கு மஞ்சள். அண்ணன் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினான். கூட்டத்தில் ஆட்டுவதற்கென்று மஞ்சள் துணி வாங்கி வந்து என்னிடம் தந்து லேஞ்சி தைக்கச் சொன்னான்.

பெண்களுக்கும் வாக்கு உண்டல்லவா, அதனால் எங்களுக்கென்று தனிக் கூட்டம் வைத்தார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு, சர்பத்தும் கொடுத்தார்கள். ரோஜாப்பூக்காரர் எழும்பி, சீசன் விலையைக் குறைப்பிப்பது தன் பொறுப்பு என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். கைதட்டு விழுந்ததும் மனிதருக்கு வாய் நிற்கவில்லை.

“விலை குறையிற வரைக்கும் நான் முதல் வகுப்பில கால் வைக்கமாட்டன். மூண்டாம் வகுப்பில, உங்களோட உங்களாத்தான் வருவன்.”

என்னோடு வந்திருந்த பிரேமாவதி சர்பத்தைக் கீழே வைத்தாள். “நங்கி, கேட்டது தானே?” என்றாள். கேட்டேன். நானும் விழுந்து விழுந்து கைதட்டினேன். ரயில் நகரசபையின் கையில் இல்லையே என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூகோளம் படிப்பித்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

வென்று நகரசபை மெம்பரானார். அண்ணன் தோளில் தூக்காத குறை. அடுத்த திங்கட்கிழமை ஸ்டேஷன் மேடையில் நிற்கிறேன், மெம்பர் ரோஜாப்பூவோடு வருகிறார், எங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார், நேரே முதல் வகுப்பில் ஏறுகிறார். அந்தக் காட்சி இப்போதும் ஒரு கனவு போல வரும். வெயில், புகை, அதற்குள் மறைந்து போகும் ஒரு சிவப்புப் பூ.

“பரவாயில்லை,” என்றாள் பிரேமாவதி. “சீட் இல்லை என்று சொல்லுவார். நாங்க வைப்போம்.”

மெம்பர் ஆண்பிள்ளை, அதுவரை நாங்கள் போய்வந்த பெண்கள் பெட்டியில் இடம் வைக்க முடியாது. ஆகவே நாங்கள் பொதுப் பெட்டிக்கு மாறினோம். மானம் மரியாதை உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள், அண்ணன் கேட்டுவிட்டான். அவனுடைய மஞ்சள் லேஞ்சிகளில் ஒன்றைத்தான் பிரேமாவதியிடம் கொடுத்திருந்தேன். தெஹிவளையில் ஏறியதும் யன்னல் பக்கத்து இடத்தில் அவள் அதை விரிப்பாள். வெள்ளவத்தையில் மெம்பர் நடந்து போகும்போது நான் யன்னலால் எட்டி, “சேர், உங்கட சீட்,” என்பேன். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை.

“நாளைக்கு, நாளைக்கு,” என்று சிரித்தார் முதல் நாள். பிறகு சிரிப்புக் குறைந்தது. பிறகு பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்.

பெட்டி நிறைந்து வழியும், ஆட்கள் தொங்குவார்கள், அந்த ஓர் இடம் மட்டும் காலியாக மஞ்சளாக இருக்கும். ‘ஆர்ட சீட்?’ என்று புதிதாக ஏறுகிறவர் கேட்பார். ‘மெம்பர்ட,’ என்று பெட்டியே சொல்லும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு நிற்பார். பம்பலப்பிட்டிக்குப் பிறகு அந்த வெறும் இடத்தின் மேல் கடல் வெளிச்சம் விழுந்து ஆடிக்கொண்டு வரும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மெம்பர் வந்து இருந்துவிட்டால் விலையும் குறைந்துவிடும், நானும் கொழும்பில் இருந்துவிடுவேன் என்று எப்படியோ ஒரு நினைப்பு. கோவிலுக்கு நேர்த்தி வைப்பது மாதிரித்தான்.

“கிளாக்கர்மார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கள்,” என்றான் அண்ணன். “நான் வாக்குக் கேட்ட மனுசனை என்ட லேஞ்சியாலேயே அவமானப்படுத்திறாய்.”

“நீதானே அண்ணை வீடு வீடாய்ச் சொன்னனி, விலை குறையும் எண்டு.”

அவன் எழும்பிப் போய்விட்டான்.

ஒரு நாள் வெள்ளவத்தையில் ஒரு முஸ்லிம் பெண் தன் தாயோடு ஏறினாள். நிறைமாதம். பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். வேறு ஓர் இடமும் இல்லை. நாங்களே அன்று நின்றுகொண்டிருந்தோம். “இதில இருங்கோ,” என்றேன் நான், மஞ்சள் லேஞ்சியைக் காட்டி. அந்தப் பெண் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“வாணாம். ஆரோ லேஞ்சி போட்டு ஈக்கிற சீட்டு. அவங்க வருவாங்க.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து தரையில் இருக்கப் பார்த்தாள். யன்னலுக்கு வெளியே மெம்பர் நின்றுகொண்டிருந்தார். எப்போது நின்றார் என்று தெரியாது. பத்திரிகை கீழே இறங்கியிருந்தது. விசில் ஊதிவிட்டார்கள். மனிதர் ஓடி வந்து எங்கள் பெட்டியில் ஏறினார். ஆட்கள் வழி விட்டார்கள். லேஞ்சியைத் தன் கையால் எடுத்தார்.

“இது என்ட சீட்,” என்றார். “நான்தான் சொல்றன். இருங்கோ, தங்கச்சி.”

அவள் இருந்தாள். அவர் கோட்டை வரைக்கும் மேலே கம்பியைப் பிடித்தபடி நின்றார். ரோஜாப்பூ யாரோ ஒருவரின் முழங்கையில் நசிந்து போயிற்று. இறங்கும்போது லேஞ்சியை நான்காக மடித்து என்னிடம் தந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கரி விழுந்தது என்று கண்ணைத் துடைத்தேன்.

அதன் பிறகு தினமும் எங்கள் பெட்டிதான். பிரேமாவதி லேஞ்சி போடுவாள், அவர் வந்து இருப்பார், யாராவது முதியவர் ஏறினால் எழும்புவார். மாத முடிவு நெருங்கிய ஒரு காலையில் அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ரெண்டு மூண்டு தரம் போய்க் கேட்டன். ரயில் விசயத்தில நகரசபை வாய் திறக்கேலாது எண்டிட்டாங்கள். விலை கூடத்தான் போகுது.”

“அது முந்தித் தெரியாதா, சேர்?” என்றாள் பிரேமாவதி.

மெம்பர் கடல் பக்கம் திரும்பினார். “தெரியும், பிள்ளை,” என்றார்.

அன்று பின்னேரம் அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போய்ச் சொன்னேன். இந்த மாதத்தோடு நிற்கிறேன் என்று பெரிய ரீச்சருக்குச் சொல்லிவிடவா என்றும் கேட்டேன். அவன் கந்தோருக்குப் போட்ட சேட்டைக் கழற்றாமல் கதிரையிலேயே இருந்தான். அவன் ஏறி இறங்கிய வீடுகளெல்லாம் அவன் முகத்தில் தெரிந்தன.

மறுநாள் அவன் ஒரு பழைய சைக்கிளோடு வந்தான். செயின் கிறீச்சிட்டது.

“எனக்கு ரயில் புகை ஒத்துக்கொள்ளுதில்லை,” என்றான். “ஒரு சீசன் போதும். நீ எடு.”

அவனுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்பதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அதன் பிறகு அவன் காலி வீதி என்கிற பெருந்தெருவால் சைக்கிள் மிதித்தான், நான் கடலோரமாகப் போனேன். சில நாள் கோட்டையில் எதிர்ப்படுவான், சேட்டு முதுகோடு ஒட்டியிருக்கும். “லேட்டோ?” என்று கேட்பான், தான் வியர்த்து நிற்பதை மறைத்துக்கொண்டு. மழைநாளில் அவனைப் பார்க்க எனக்கு நெஞ்சு தாங்காது. நான் நைல் நதியைக் கீறிக்கொண்டே இருந்தேன், வருசக்கணக்காக. மெம்பரும் சொன்ன சொல்லில் அகப்பட்டுக்கொண்டார். விலை குறையும் வரைக்கும் என்றாரல்லவா, விலை குறையவே இல்லை. அடுத்த தேர்தலில் தோற்ற பிறகும் மனிதர் மூன்றாம் வகுப்பில்தான் வந்தார், பூவோடு.

டிராம் போய்விட்டது. கரி எஞ்சினும் அந்த மையும் போய்விட்டன. பிரேமாவதி கலியாணம் முடித்துத் தெற்கே காலி ஊர்ப் பக்கம் போனாள், கடிதங்கள் வந்து, பிறகு நின்றன. மெம்பர் போனார். அண்ணனும் போய்விட்டான். இருந்தவரைக்கும் அவன் அந்தப் புகைக் கதையை மாற்றிச் சொன்னதில்லை, நானும் பொய் என்று சொன்னதில்லை. ரயிலில் எனக்கென்று அவன் விட்டுக்கொடுத்த இடத்தில் நான் எத்தனையோ வருசம் இருந்தேன். அவனுக்கு ஒரு நாளாவது நான் ஓர் இடம் பிடித்து வைக்கவில்லை.

அலுமாரி ஒதுக்கின மறுநாள் எனக்குக் கோட்டையில் ஓர் அலுவல். லேஞ்சியையும் கொண்டு போனேன். வெள்ளவத்தையில் ஏறினேன், கூட்டம் குறைவு. யன்னல் பக்கம் நான் இருந்து, பக்கத்து இடத்தில் அதை விரித்து, கோணல் தையல் மேலே தெரியும்படி தடவி விட்டேன். கடல் வெளிச்சம் அதன்மேல் வந்து ஆடியது. வயது போன கிழவிக்கு விசர் என்று நீங்கள் சொல்லலாம். அண்ணனுக்காகத்தான் போட்டேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு பெடியன் ஏறினான். தோளில் பை, கையில் பத்திரிகை. இடத்தைப் பார்த்தான், லேஞ்சியைப் பார்த்தான், குனிந்து இரண்டு விரலால் பக்குவமாக எடுத்து என்னிடம் நீட்டினான்.

“ஆன்ட்டி, உங்கட லேஞ்சி விழுந்திட்டுது.”

“ஓம் தம்பி. இருங்கோ,” என்றேன்.

நல்ல பிள்ளை. விழுந்தது என்றுதான் நினைத்திருக்கிறான்.