நல்லசிவத்தின் இம்பாலா சந்துக்குள் போன விதம்

சங்கிலிப்பாண்டி கை வைத்த காரில் எங்கே கை வைத்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து, நசுங்கிய தகரத்தைத் தட்டி நேராக்கும் டிங்கரிங் வேலை பழகியவர். மரச்சுத்தியால் தட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார், மறுபடி தட்டுவார். ஒரு முறை கதவில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்தது என்பார்கள். அந்த ஈயை நேரில் பார்த்தவர்கள் பக்கத்துச் சுள்ளிக்கலில் இரண்டு பேர் உண்டு.

1978இல் முட்டை மொத்த வியாபாரி நல்லசிவம் அவரிடம் ஒரு செவர்லே இம்பாலாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஊரைவிட்டுப் போன ஒரு கப்பல் கம்பெனி துரையின் வண்டி. எட்டு சிலிண்டர். சாவியைத் திருப்பினால், எதிர்க்கரையில் வெல்லிங்டன் தீவில் நிற்கும் கப்பல்காரன் தன் எஞ்சின்தான் கிளம்பிவிட்டது என்று சாயாவை அப்படியே வைத்துவிட்டு ஓடுவானாம். நீளம் பதினெட்டு அடி. நல்லசிவத்தின் வீடு இருந்த சந்தோ, பஜார் ரோட்டிலிருந்து மிளகுக் கிடங்கின் மூலையில் வெடுக்கென்று திரும்பும். ஒன்பது அடி அகலம்.

"பாண்டி, இதை நடுவுல வெட்டி ரெண்டு முழம் எடுத்துட்டு ஒட்டிரும்."

சங்கிலிப்பாண்டிக்குத் தன் இடுப்பையே வெட்டச் சொன்ன மாதிரி இருந்தது. "அண்ணாச்சி, இது வண்டியா, வாழைத்தண்டா?"

"நக்கல் பண்ணாதீரும் வே. மூத்தவ கல்யாணத்துல மழை. இந்தச் சந்துல சேத்துல நடத்திக் கூட்டிட்டுப் போனேன். பட்டுச்சேலை முட்டிவரைக்கும் சகதி. 'முட்டைக்காரர் வீட்டுப் பொண்ணு நாத்து நட்டுட்டு வருது'ன்னு சம்பந்தி வீட்டுக்காரன் சொன்னான். ஆவணியில இளையவ பாக்கியலக்ஷ்மிக்குக் கல்யாணம். அவ வாசப்படியில ஏறணும், மண்டபத்துல இறங்கணும். வண்டி சந்துக்குள்ள வரலைன்னா வெட்டும்!"

வெட்டி ஒட்டிய வண்டிகளை சங்கிலிப்பாண்டி பார்த்திருந்தார். தோப்பும்படியில் ஒருவர் கூரையை அறுத்துத் திறந்த காராக்கினார். அன்றிலிருந்து அதன் நான்கு கதவுகளும் ஒன்றாக மூடியதில்லை. ஒன்றைச் சாத்தினால் எதிர்க்கதவு திறக்கும். ஒரு வண்டிக்கு எவ்வளவு மாற்றம் தேவையோ அவ்வளவுதான் செய்ய வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கூடாது என்பது அவர் கொள்கை. "எனக்கு ஒரு மாசம் குடுங்க. திரும்பலைன்னா நானே வெட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

முதலில் அளவு வேண்டும். காரை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் உரசிப் பார்க்க மனம் வரவில்லை. மூங்கிலால் இம்பாலாவின் அதே நீள அகலத்துக்கு ஒரு சட்டம் கட்டினார். ஒரு மூலையை அவர் பிடிக்க, மற்ற மூன்றைக் கைவண்டிக்காரன் காளிமுத்துவும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் இரண்டு பேரும் பிடித்தார்கள். நண்பகல் வெயிலில் மூங்கில் கார் பஜார் ரோட்டில் ஊர்வலம் போனது.

"எந்தா ஆசானே, பெட்ரோல் தீர்ந்து போச்சா?" என்று கிடங்குக்கு எதிர்மூலைச் சாயாக்கடை அம்மிணி கேட்டாள்.

"ஹாரன் அடிக்கட்டா சேச்சி?" என்று காளிமுத்து வாயாலேயே அடித்தான். கிடங்குப் பூனை ஓடியே போனது.

சட்டம் மூலையில் திரும்பியது. பம்பரின் நுனிகள் மட்டும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் இடித்தன. சங்கிலிப்பாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு விரல்தானே! முன் பம்பர், பின் பம்பர் இரண்டையும் கழற்றி, நுனிகளைக் குறைத்து, வளைவைப் பழையபடியே கொண்டுவந்து, எறணாகுளத்துக்கு அனுப்பிப் பளபளவென்று முலாம் பூசி வாங்கினார். நல்லசிவம் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, "என்னவே பண்ணினீரு? ஒண்ணுமே பண்ணலையே!" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு சங்கிலிப்பாண்டிக்குக் கிடையாது.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது சோதனை ஓட்டம். சங்கிலிப்பாண்டியே ஓட்டினார். மூக்கு அழகாகச் சந்துக்குள் நுழைந்தது. பாதி வண்டி உள்ளே போனதும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். பின் கதவு கிடங்கின் மூலைக்கல்லை உரசிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகாது, வளைக்கவும் இடமில்லை. வால் பஜார் ரோட்டை அடைத்துக்கொண்டது. பின்னால் கைவண்டிகள் வரிசை கட்டின.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூங்கில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது நான்கு பேரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்திருந்தார்கள். அவர் கால்களும் சேர்ந்துதான் வைத்தன. கார் எங்கே பக்கவாட்டில் நடக்கும்?

நல்லசிவம் கிடங்குப் பக்கம் திரும்பினார். கையை மட்டும் அசைத்தார். இரும்பை அறுக்கும் கேஸ் கட்டிங்காரன் ஒருவன் சிலிண்டரோடு கிடங்கு நிழலில் தயாராக இருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்."

"வாக்கு யார் குடுத்தது வே? நானா?"

 கைவண்டிக்காரர்களின் கூச்சல் தாங்காமல் சங்கிலிப்பாண்டி முதலில் காரைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். வரிசையில் முதல் ஆள் காளிமுத்து, சுக்கு மூட்டைகளோடு. வண்டியை இழுக்கும் நீண்ட ஏர்க்கால் சந்துக்குள் திரும்பாது. அதனால் அவன் சந்து முனையைத் தாண்டிப் போய் நின்றான். வண்டியின் பின்பக்கத்தை மூலையில் கொடுத்து உள்ளே தள்ளினான். ஏர்க்கால் அகன்ற பஜார் ரோட்டில் அரைவட்டம் அடித்தது. அவன் தினமும் பத்து முறை செய்கிற காரியம். கண்கூட அங்கே இல்லை, அம்மிணியின் பருப்புவடையில் இருந்தது.

"காளிமுத்து, இப்ப என்னலே பண்ணின?"

"சுக்கு கொண்டு போறேன் ஆசானே. கண்டில்லே?"

சங்கிலிப்பாண்டி ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சந்து முனையைத் தாண்டி நிறுத்தி, ரிவர்ஸ் போட்டார். வால் கிடங்கு மூலையை ஒட்டி உள்ளே போனது. நீண்ட மூக்கு பஜார் ரோட்டில் வீசி வந்தது. பின் பம்பருக்கும் சாயாக்கடைச் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. வெட்டாத பழைய பம்பராக இருந்திருந்தால் அம்மிணியின் கண்ணாடிப் பலகாரப்பெட்டி சுக்குநூறு. இம்பாலா நல்லசிவத்தின் வாசற்படியில் போய் நின்றது.

நல்லசிவம் வண்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேஸ்காரனிடம், "நீ போயி சாயா குடி" என்றார்.

உரசிய கதவை சங்கிலிப்பாண்டி இரண்டே நாளில் சரிசெய்தார். கல்யாணத்தன்று பாக்கியலக்ஷ்மி வாசலில் ஏறினாள். சேலையில் ஒரு துளி சகதி இல்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "வண்டி ஏன் பின்பக்கமா வந்துச்சு?" என்று விசாரித்தார்.

நல்லசிவம் கண் இமைக்காமல் சொன்னார்: "எங்க வழக்கம் அப்படி. பொண்ணை ஏத்தின வண்டி திரும்பாம நேரா முகத்தைக் காட்டிப் போகணும். அப்பதான் அவ வாழ்க்கையும் நேராப் போகும்."

அடுத்த தை மாதம் அதே சந்தில் இன்னொரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், வண்டி பின்பக்கமாகத்தான் வர வேண்டும் என்று. 1984இல் ஒரு குட்டி ஃபியட், முன்பக்கமாகவே மூலையில் சுலபமாகத் திரும்பி நுழையக்கூடிய வண்டி, வேர்த்து விறுவிறுத்து ரிவர்ஸில் வந்தது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் "வரட்டே, வரட்டே" என்று கத்திக்கொண்டு காளிமுத்து. சாயாக்கடை பெஞ்சில் இருந்த சங்கிலிப்பாண்டி காலை மடக்கி வழிவிட்டார். அம்மிணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டார்.