அடுத்த தெருவில் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் இதை நம்ப வேண்டாம், கேட்டு வையுங்கள், போதும்.

எண்பதுகளின் தொடக்கம், கத்திரி வெயில். நெய்வேலி மைன்ஸில் ஜெனரல் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் சைக்கிளில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று வானம் கறுத்து, காற்று என்னைச் சைக்கிளோடு தூக்கிப் போட்டது. இடி காதைப் பிளந்தது, ஆலங்கட்டி மண்டையில் விழுந்தது, கண் முன்னாலேயே மரங்கள் சாய்ந்தன. கரண்ட் போய் எல்லாம் இருண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற எங்கள் ஊரில் அரிக்கேன் விளக்கை யார் வைத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

எங்கள் பிளாக்கில் எல்லா வீடும் ஒரே அச்சு. முனையில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்துத்தான் என் தெருவுக்குள் திரும்புவேன். அந்த மரமே விழுந்துவிட்டதால் சைக்கிளைப் போட்டுவிட்டு எந்தத் தெருவில் ஓடுகிறேன் என்று தெரியவில்லை. வீட்டில் என் மனைவி கலா தனியாக இருந்தாள். அப்போது ஒரு வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் குரல்தான்.

"என்னங்க, இங்க வாங்க. புள்ள மேல செவுரு விழுந்துடுச்சி, கத்திகினு கெடக்குது."

எங்களுக்குப் பிள்ளையே கிடையாது. அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். உள்ளே ஓடி, செங்கல்லைக் கையால் வாரிப் போட்டு, கால் நசுங்கிக் கிடந்த ஒரு சின்னப் பெண் குழந்தையை இழுத்தெடுத்தேன். மின்னலில் பார்த்தால் கட்டில், சாமி படம் எல்லாமே வேறு, அது என் வீடே இல்லை. கலா, கலா என்று கத்திக்கொண்டே தேடினேன், அவள் அங்கே இல்லை. பதறி ஓடிவந்த அதன் அப்பாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, வழி கேட்டுக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த என் வீட்டுக்கு ஓடினேன்.

பின்பக்க ஷீட் கூரையின் மேல் பலாமரம் சாய்ந்து, அதற்கடியில் கலா கிடந்தாள். மண்டை உடைந்திருந்தது, நினைவே இல்லை, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தை அசைக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். காற்று ஆரம்பித்ததுமே மரம் விழுந்துவிட்டது, அதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்றார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்காகவோ நேரத்தைத் தொலைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினேன். எல்லோருமாகச் சேர்ந்து மரத்தைப் புரட்டி, கிடைத்த ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிழைப்பது கஷ்டம் என்றுதான் சொன்னார்கள். நம்பிக்கை விட்டுப்போன நேரத்தில் ஒரு காலையில் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்பாள் என்று குனிந்தேன்.

"அந்தப் புள்ளைக்குக் காலு எப்படிங்க இருக்குது?"

அந்தக் குழந்தையைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. நர்ஸ்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன், அவர்களும் அவளிடம் சொல்லவில்லை என்றார்கள். வீடு திரும்பியபோது அவளுக்கே அப்படிக் கேட்டது ஞாபகமில்லை. அடிபட்ட தலை, ஏதாவது உளறியிருப்பேன், விடுங்க என்கிறாள்.

என்னால்தான் விட முடியவில்லை. இன்றைக்கும் இடி இடிக்கும்போது அவள் அசந்து தூங்கினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மூச்சு வருகிறதா என்று பார்ப்பதில்லை, அன்றைக்கும் மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. ஆள் இங்கேதான் இருக்கிறாளா என்று தெரிய வேண்டும், அதனால் தட்டி எழுப்பிப் பேச வைக்கிறேன்.