காப்புக் கயிறும் கோல்கீப்பரும்

சிமென்டுத் தரையில் பூட்ஸ் ஆணிகள் நடந்து வரும் சத்தம் இருக்கிறதே, அது மழையும் இல்லை, குதிரையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. போன வாரம் ஜெலாப்பாங்கில், அண்டை வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொள்ள ஒரு பள்ளிக்கூட வாசலில் காரோடு நின்றிருந்தேன். நடைகூடத்தின் கோடியிலிருந்து அந்தச் சத்தம் திரண்டு வந்தது. முட்டிவரை சேறோடு பதினைந்து பெண்பிள்ளைகள், யார் சிரிப்பு யாருடையது என்று பிரிக்க முடியாதபடி. அவர்கள் என்னைக் கடந்து போவதற்குள் எனக்கு வயது பத்தாகிவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அருகே, ஈப்போ போகும் சாலையில் இருந்த இடைநிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியை. பெண்கள் காற்பந்துக் குழுவை வேறு எந்த ஆசிரியரும் தொட முன்வராததால் அது அவள் தலையில் விழுந்தது. ஆப்சைடு என்றால் என்னவென்று எங்கள் சாப்பாட்டு மேசையில், உப்புக் குப்பியையும் ஊறுகாய்ப் புட்டியையும் நகர்த்தி நகர்த்தித்தான் கற்றுக்கொண்டாள். பொரித்த மீனின் தலை நடுவர். அது ஒருமுறைகூட விசில் ஊதவில்லையே என்று நான் கேட்டேன். ஈப்போவில் பாதி நடுவர்கள் அப்படித்தான் என்றாள்.

பயிற்சிக்குக் கூம்பு வாங்கிக் கொடுக்கப் பள்ளிக்கு மனமில்லை. அத்தை பிள்ளைகளைப் பால்மரக் காட்டுக்குள் கூட்டி வந்தாள். கயிறு பிடித்து நட்டது போன்ற நிரைகள். மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி. அவற்றினூடே வளைந்து வளைந்து பந்தை ஓட்ட வேண்டும். பந்து எகிறி மரத்திலுள்ள கோப்பையைத் தட்டினால் பால் கொட்டும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் வசவும் கூடவே கொட்டும். ஒரு நிரை முழுக்கப் பாலைச் சிந்தாமல் பந்தை ஓட்டியவளுக்குத்தான் குழுவில் இடம்.

கோல்கீப்பரை அவள் கண்டுபிடித்தது கோயிலில். மாரியம்மன் கோயிலுக்குச் சுவர் எழுப்பத் தோட்டமே கோத்தோங் ரோயோங் என்று கூட்டுவேலையில் இறங்கியது. லோரியிலிருந்து ஆள் மாற்றி ஆள் செங்கல் எறிய, கடைசியில் நின்று வாங்கி அடுக்கியவள் செல்வி அக்கா. நெஞ்சுக்கு வந்தது, காலுக்கு வந்தது, கோணலாக வந்தது, ஒன்றும் தரையைத் தொடவில்லை. அர்ச்சனைத் தட்டோடு வந்த அத்தை, அம்மனை மறந்துவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஆண்டில் குழு மாநில அளவுக்குப் போனது. தஞ்சோங் மாலிமில் இரண்டு நாள் ஆட்டம், ஓர் இரவு விடுதியில் தங்கல். மாநிலக் குழுவுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்ப்பார்களாம். செல்வி அக்காவுக்கு அது ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி ஆண்டு. விட்டால் மறுபடி இல்லை.

அதே நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கயிறு கட்டும் நேரத்தில் தோட்டத்துக்குள் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. பாலத்தைத் தாண்டினால் என்ன ஆகும், கால் இழுத்துக்கொள்ளுமா, அம்மை போடுமா என்று நான் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. யாரும் தாண்டிப் பார்த்ததில்லை.

மற்ற தோட்டத்துப் பிள்ளைகளை முதல் நாளே ஈப்போவில் தங்க வைத்துவிட அத்தை ஏற்பாடு செய்தாள். செல்வி அக்காவின் அம்மா மட்டும் மறுத்துவிட்டார். "ஒரு ராத்திரின்னா சரி டீச்சர். ரெண்டு ராத்திரி வேணாம் லா. இருட்டுல பாலத்துக்கு அந்தாண்ட போயி நிக்கவும் வேணாம். பஸ் வரட்டும், எங்கையாலயே ஏத்தி விடுறேன்." பஸ்ஸோ, தொழிற்சாலையின் இரவு ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு ஏழரைக்குத்தான் எங்கள் பாலத்துக்கு வரும்.

கோயில் செயலாளர் அப்பா. வீட்டு வாசலில், அக்கம்பக்கம் கேட்க, அண்ணனும் தங்கையும் மோதிக்கொண்டார்கள்.

"அரை மணி நேரம் தள்ளி வைங்கண்ணே. ஆத்தா கோவிச்சுக்கவா போறா?"

"ஓம் பந்துக்காகப் பஞ்சாங்கத்த மாத்த முடியாது. ஏழுன்னா ஏழுதான்!"

"ஆத்தாளும் பொம்பளதான, கேட்டுப் பாருங்களேன்."

"இவ வாயிருக்கே! உள்ள போ!"

உள்ளே போனவர்கள் சமையலறையில் வெகுநேரம் தணிந்த குரலில் பேசினார்கள். நடுவில் அம்மாவின் சிரிப்பு கேட்டது. சண்டை போடுகிற இடத்தில் ஏன் சிரிப்பு? எட்டிப் பார்த்த என்னை அம்மா விரட்டினார். "காத இங்க கழட்டி வச்சிட்டு வெளையாடப் போ."

காப்புக் கட்டு நாள். மணி ஏழை நெருங்கியும் இன்னும் சரியாக விடியவில்லை. உறுமி தயாராக இருந்தது, பூசாரி கை நீட்டினார். ஈப்போ கோயிலில் பூசையில் வைத்து வாங்கி வந்த காப்புக் கயிறு அப்பாவின் பொறுப்பு. வேறு கயிறு ஆகாது. அப்பா சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார்.

"வீட்டுலயே வச்சிட்டேன் போலிருக்கே."

"நீயா? மறந்தியா?" பூசாரியால் நம்ப முடியவில்லை. கூட்டத்தாலும் முடியவில்லை. விளக்குத் திரியைக்கூட எண்ணி வைக்கிற மனிதர் அப்பா.

"இதோ வாரேன்" என்று கிளம்பினார். நடந்து. ஹோண்டா மோட்டார் சைக்கிளைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேட்டிலிருந்த எங்கள் லயத்து வீட்டை நோக்கி மெதுவாக.

அவசரத்துக்கு ஏன் நடக்கிறார்? அதுதான் என்னைக் குடைந்தது. மோட்டார் ஓடவில்லையோ? நான் ஹோண்டாவைச் சுற்றி வந்தேன். சாவி செருகியபடியே இருந்தது. முன் கூடையில் மழைக்கோட்டு. அதை ஏன் தூக்கிப் பார்த்தேன் என்று கேட்டால், பத்து வயதில் எதைத்தான் தூக்கிப் பார்க்காமல் விட்டேன்? அடியில் மஞ்சள் துணிப் பொட்டலம், நான்காக மடித்து, பத்திரமாக.

தோட்டத்தையே நான் காப்பாற்றிவிட்டேன்! பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பூசாரி தாத்தா! இந்தா! கெடச்சிருச்சு!"

பூசாரி கயிற்றைக் கட்ட, உறுமி எழுந்தது. அரசமரத்தடியில் பையோடு நின்ற செல்வி அக்காவின் தோளிலிருந்து அவள் அம்மா பையை மெல்ல இறக்கினார். "ஆத்தாளே வேணாங்கிறா. விடும்மா." அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். கையைத் தாண்டி வலைக்குள் போய்விட்ட பந்தைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. எனக்கு அது நன்றியாகத் தெரிந்தது.

பூசாரி முதல் வாழைப்பழத்தை எனக்குக் கொடுத்தார். "பிள்ளையின்னா இப்படி இருக்கணும்யா!" உறுமி கேட்டுத் திரும்பிய அப்பா வாசலில் நின்றார். பொட்டலத்தை, என்னை, மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார்.

அந்த ஆண்டு ஒரு தற்காப்பு ஆட்டக்காரி செல்வி அக்காவின் கையுறையை மாட்டிக்கொண்டு கோல் காத்தாள். முதல் ஆட்டத்திலேயே எதிரணியினர் நான்கு கோல் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆட்ட நாளுக்குச் சம்மதம் சொல்லுமுன் அத்தை எல்லாத் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் மாதா கோயில் நாட்களையும் நோன்பையும் கேட்டு எழுதிக்கொள்வாள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு கோல்கீப்பர்களைத் தயார் செய்தாள். வெற்றிக் கோப்பைகள் வரத் தொடங்கின. பள்ளி மண்டபத்தில் கண்ணாடி அலமாரி செய்ய வேண்டியதாயிற்று. அதிலுள்ள எந்தக் குழுப் படத்திலும் செல்வி அக்கா இல்லை. அவள் அதற்குள் கமுந்திங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

என் மனம் அலமாரிக்குப் போவதில்லை. அன்று காலை பாலத்துக்குத்தான் போகிறது. அப்பா என்னைப் பின்னால் உட்கார வைத்து, கையுறையை எடுத்துக்கொண்டு ஹோண்டாவில் போனார். பஸ் வந்து நின்றது. படியிலிருந்து அத்தை குதித்து இறங்கினாள்.

"செல்வி எங்கண்ணே?"

அப்பா கையுறையை நீட்டினார். "கட்டியாச்சும்மா."

அத்தை அதை வாங்கவில்லை. "அதெப்படி? கயிறு யாரு கைக்குக் கெடச்சுச்சு?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "நாந்..." என்று வாயெடுத்தேன். அப்பாவின் கை பின்னால் வந்து என் முழங்காலை அழுத்தியது. வலிக்கவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறேன், அத்தையிடம் என் பேரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் இவருக்கு? எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தை என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பஸ்காரர் ஹார்ன் அடித்தார்.

"யாரும் எடுக்கலம்மா," என்றார் அப்பா. "எங்கிட்டயேதான் இருந்துச்சு. நீ கெளம்பு, பிள்ளைங்க காத்திருக்கு."