எங்கள் ஊருணிக்கு நான் கொடுத்த சான்று

1. கையெழுத்து

ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் மேஜராக ஓய்வு பெற்றேன். என் சர்வீஸில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலைதான். ராஜஸ்தான் மணலில் போர்வெல் போடுவது, தொட்டி கட்டுவது, லாரியில் வரும் தண்ணீருக்கு ப்ளீச்சிங் பவுடர் டோஸ் பார்ப்பது. படைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் இடத்தை வாட்டர் பாயிண்ட் என்போம். டெஸ்ட் முடிந்ததும் நான் கையெழுத்துப் போட்டு, முதல் டம்ளரை நானே குடிப்பேன். பிறகு மொத்தப் பட்டாலியனும் குடிக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கமாண்டிங் ஆபீசர் ஒன்று சொன்னார். தண்ணீர் விஷயத்தில் சிப்பாய் உன்னைக் கேள்வி கேட்க மாட்டான், அதனால் நீயே உன்னை இரண்டு தடவை கேட்டுக்கொள் என்றார். அப்படியே செய்தேன். நான் சரி என்று சொன்ன தண்ணீரை யாரும் வேண்டாம் என்றதில்லை, என் சொந்த ஊரைத் தவிர.

2. லீவில் வந்த வேலை

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு கூட நுரைக்காது. குடிக்க ஊருணி ஒன்றுதான். அதில் யாரும் குளிக்க மாட்டார்கள், கால் நனைக்க மாட்டார்கள், ஆட்டை மாட்டை இறக்க மாட்டார்கள். படியில் நின்று குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போவதோடு சரி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை சரியில்லாத ஒரு கோடையில் லீவில் வந்தேன். நான் வருவதற்குச் சில நாள் முன்பு ஊருணிக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ஷெட் தீப்பிடித்திருந்தது. உள்ளே இருந்தவன் எங்கள் ஊர்க் கருப்பசாமி. எரிகிற உடம்போடு ஓடிவந்து ஊருணிக்குள் இறங்கிவிட்டான். தூக்கிக் கரையில் போட்டபோது உயிர் இல்லை.

அன்றிலிருந்து ஒரு குடம் கூட அங்கே முங்கவில்லை. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டுத் தூர்வாருவது என்று ஊர்த் தலைவர் முடிவு செய்திருந்தார். இறைத்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் டேங்கர் லாரியை எதிர்பார்த்து வழியில் நிற்க வேண்டியதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. சொட்டுத் தண்ணீருக்கு ராஜஸ்தானில் நாங்கள் பட்ட பாட்டைப் பார்க்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கருப்பசாமியின் மனைவி பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தாள். அவளும் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க பட்டாளத்துல தண்ணி பாக்குறவுகதான. இதையும் பாத்துச் சொல்லுங்க. அவரு கெடுத்த தண்ணின்னு இறைச்சு விட்டாகன்னா, எம்புள்ளைக இந்த ஊருல எப்படி நடமாடும்?"

அவள் கேட்டது அவ்வளவுதான். புருஷன் போய்விட்டான். அவன் பேராவது கெடாமல் இருக்க வேண்டும்.

தண்ணீரை எடுத்துக்கொண்டு சூலக்கரை போய்க் குடிநீர் ஆய்வகத்தில் கொடுத்தேன். ரிசல்ட் வருவதற்குள் கரையோரம் மிதந்த கரியையும் துணியையும் ஆள் வைத்து அரித்து எடுத்தேன். ஊருணி பெரியது, அன்று கலந்த மருந்து கொஞ்சம். குடிக்கலாம் என்றே ரிசல்ட் வந்தது. டோஸ் கணக்குப் பார்த்து ப்ளீச்சிங் பவுடர் போட்டு, மறுநாள் குளோரின் டெஸ்டும் செய்தேன்.

ஊர்க் கூட்டத்தில் பேப்பரை வாசித்துக் காட்டி, ஒரு சொம்பு மொண்டு பாதி குடித்தேன். பேச்சியம்மாள் முன்னால் வந்து மீதியைக் குடித்தாள். வேறு யாரும் அசையவில்லை. பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தலைவர் தன்மையாகத்தான் பேசினார். "பேப்பருல சுத்தமாத்தான் இருக்கும் தம்பி. தொண்டையில இறங்கணும்ல."

3. மதினி சொன்னது

வீட்டுக்கு வந்து என் அண்ணன் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். படிக்காத ஊர், பேய்க்குப் பயந்த ஊர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மதினி சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல தம்பி. அன்னைக்கு நாங்க கரையிலதான் நின்னோம். அவன் எங்ககிட்டதான் ஓடியாந்தான். தண்ணி ஊத்துங்க, ஊத்துங்கன்னு கத்துனான். எல்லாரு இடுப்புலயும் நெறகுடம். ஒருத்தரும் ஊத்தல."

கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் கம்பெனி வேலை பார்த்தவர்கள். மருந்தில் தண்ணீர் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கும், மணலைத்தான் போட வேண்டும் என்று ஃபோர்மேன் நாள் தவறாமல் சொல்லிக்கொடுத்த பாடம். கருப்பசாமி உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளையாக மின்னியிருக்கிறது. ஊற்றினால் வெடித்துவிடும் என்று பயந்து குடத்தோடு விலகி ஓடியிருக்கிறார்கள். ஊற்ற ஆள் இல்லாமல்தான் அவன் ஊருணிக்குள் இறங்கினான்.

ஃபோர்மேன் சொன்னதில் தப்பில்லை. கலந்து வைத்த மருந்துக்கு அதுதான் முறை. துணி பற்றி எரிகிற மனிதனுக்கு அது முறையில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஊரைத் திட்டியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு எந்த ஆய்வகத்தில் டெஸ்ட் எடுப்பது?

4. மோட்டார்

இறைக்கிற அன்று காலையில் டீசல் மோட்டாரை இறக்கி ஓடவிட்டார்கள். பேச்சியம்மாள் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மதினி நேராக அவளிடம் போய் நின்றாள், நானும் கூடப் போனேன். மோட்டார் சத்தத்தில் மதினி கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் காதிலும் விழுந்தது. ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்துவிட்டாள். தலைவர் மோட்டாரை நிறுத்தினார்.

பேச்சியம்மாள் ஊருணியைப் பார்த்தபடியே பேசினாள்.

"தெரியும்க்கா. மறுநாளே தெரியும். நான் அங்கன நின்னுருந்தாலும் ஊத்தியிருக்க மாட்டேன். எனக்கும் அதத்தான சொல்லிக் குடுத்தாக."

பிறகு அவளே தலைவரிடம் மோட்டாரைப் போடச் சொன்னாள். இந்தத் தண்ணீரை இனி இவர்களால் குடிக்க முடியாது, இறைத்துவிடுங்கள் என்றாள்.

இளைய ஆபீசர்களுக்காக இதை எழுதுகிறேன். லீவு முடிந்து திரும்பியபின் நான் எடுத்த ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் இதைத்தான் சொன்னேன். மருந்தில் தீ என்றால் மணல். மனிதன் மேல் தீ என்றால் தண்ணீர், கையில் இருப்பதை யோசிக்காமல் ஊற்று. ராணுவத்தில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவர் கூட எங்கள் ஊருணிக் கரையில் குடத்தோடு நிற்பவர் இல்லை.